க்ரிட்டிகல் ரீசனிங்ல ரெண்டு பேர் பேசிக்கிற கேள்வி மட்டும் எனக்கு ஏன் தப்பாவே போகுது?

நுழைவுத் தேர்வுல ஒரு சின்ன வாதத்தைக் கொடுத்து அலசச் சொல்ற இந்தப் பகுதியில, வாதம் சொல்லாம நம்பியிருக்கிறதைக் கேட்குற அசம்ப்ஷன், வாதத்தைப் பலவீனமாக்கச் சொல்ற வீக்கன், பலப்படுத்தச் சொல்ற ஸ்ட்ரெங்தன் எல்லாம் ஓரளவு வருது, ஆனா ஒருத்தர் ஒண்ணு சொல்லி, இன்னொருத்தர் பதில் சொல்லி, "ரெண்டாவது ஆள் எந்த விதத்துல பதில் சொல்றாரு"ன்னு கேட்டா மட்டும் கடைசி ரெண்டு ஆப்ஷன்ல மாட்டிக்கிட்டு தப்பானதையே எடுக்குறேன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் சிரிச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க, நாலு வரியில என் ஒரு வருஷக் கதையை எழுதிட்டீங்க.

நீங்க வீட்டுலயும் ஆபீஸ்லயும் நல்லா வாதம் பண்ற ஆளாதான் இருப்பீங்கன்னு நினைக்கிறேன். தப்பா இருந்தா விட்டுடுங்க. எனக்கு அதுதான் வினையா இருந்துச்சு. எவன் என்ன சொன்னாலும் அது சரியா தப்பான்னு உடனே மண்டைக்குள்ள தீர்ப்பு எழுதிடுவேன், அந்தத் தீர்ப்போடதான் ஆப்ஷனுக்கே போவேன்.

நான் எழுதினது எம்.பி.ஏ. படிக்கிறதுக்கான நுழைவுத் தேர்வு ஜிமேட். 2023 நவம்பர்ல வந்த புது பேட்டர்ன்ல, வாக்கியத்துல இலக்கணத் தப்பைத் திருத்துற சென்டன்ஸ் கரெக்‌ஷனைத் தூக்கிட்டாங்க, மொழிப் பகுதியான வெர்பல்ல 45 நிமிஷத்துக்கு 23 கேள்வி, ரீடிங்கும் க்ரிட்டிகல் ரீசனிங்கும் மட்டும்தான். கிராமர்ல மார்க் அள்ளிக்கிட்டிருந்த என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒளிய இடமே இல்லாம போச்சு. ரெண்டு பேர் பேசுற மாதிரி கேள்விகள் எல்சாட்ல (அமெரிக்க சட்டக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு) நிறைய வரும்கிறதால ப்ராக்டிஸுக்கு அந்தப் பழைய பேப்பர்களை எடுத்துக்கிட்டேன். (எல்சாட் எழுதுறவங்க இதைப் படிச்சா, உங்களுக்கு 2024 ஆகஸ்ட்டோட லாஜிக் கேம்ஸ்ங்கிற புதிர்ப் பகுதி போயி, இதே மாதிரி வாதக் கேள்விகள் வர்ற லாஜிக்கல் ரீசனிங் மட்டுமே ரெண்டு செக்‌ஷன் மார்க்குக்கு வருது, அதனால உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.)

இப்ப நான் விழுந்த குழியைக் காட்டுறேன். ஒரிஜினல் கேள்வியை அப்படியே போட முடியாது, அதே எலும்புக்கூட்டுல நானே ஒண்ணு எழுதுறேன்.

ரவி: சைக்கிளுக்குன்னு தனிப் பாதை போட்டதுக்கு அப்புறம் சைக்கிள் விபத்து 40 சதவீதம் கூடியிருக்கு. அதனால அந்தப் பாதை சைக்கிள்காரங்களுக்கு ஆபத்தை அதிகமாக்கிடுச்சு.

மீனா: ஆனா அதே சமயத்துல சைக்கிள் ஓட்டுறவங்க எண்ணிக்கை மூணு மடங்காயிடுச்சே.

மீனா எப்படி பதில் சொல்றாங்க? ஆப்ஷன் ஒண்ணு, ரவி சொன்ன புள்ளிவிவரம் நம்பத்தகுந்தது இல்லைன்னு காட்டுறாங்க. ரெண்டு, சைக்கிள் பாதை பாதுகாப்பானதுதான்னு நிறுவுறாங்க. மூணு, ரவி சொன்ன தகவலை மறுக்காம, அவர் கணக்குல எடுக்காத ஒரு விஷயத்தைக் கொண்டுவந்து, அந்தத் தகவலை வச்சு அந்த முடிவுக்குப் போக முடியாதுன்னு காட்டுறாங்க. நாலு, ரவிக்கு உள்நோக்கம் இருக்குன்னு சொல்றாங்க. அஞ்சாவது ஏதோ ஒப்புமைன்னு வச்சுக்குங்க.

நான் ரெண்டாவதைப் போட்டேன். யோசிக்காம எல்லாம் இல்ல, பெருமையா போட்டேன். விபத்து 1.4 மடங்கு, ஆளுங்க 3 மடங்கு, அப்ப ஆளுக்கு இவ்வளவு விபத்துன்னு பார்த்தா பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, பாதை சேஃப்தான், மீனா ஜெயிச்சுட்டா, அடுத்த கேள்வி. விடையைப் பார்த்தா மூணு. அரை மணி நேரம் அந்த புக்கை எழுதினவனைத் திட்டிக்கிட்டிருந்தேன். மூணாவது மென்னு முழுங்கி சொல்றான், ரெண்டாவதுதானே விஷயம்னு.

அப்ப துணி மடிச்சுக்கிட்டிருந்த எங்க அக்கா, இந்தப் பரீட்சைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல, என் புலம்பல் தாங்காம புக்கை வாங்கிப் படிச்சா. படிச்சுட்டு, "சேஃப்னு அவ எங்கடா சொன்னா? நீதான சொல்ற"ன்னு கேட்டா. நான் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அந்தக் கணக்கை அவ போடலையே, ஒரே ஒரு வரி சொன்னா, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு மறுபடி துணி மடிக்கப் போயிட்டா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மீனா பேசாத வாதத்தை அவளுக்காக நான் பேசி முடிச்சு, அதுக்கு மார்க்கும் கேட்டுக்கிட்டிருக்கேன். கேள்வி யாரு சரின்னு கேட்கவே இல்ல. மீனா சொன்னது பச்சைப் பொய்யா இருந்தாலும் விடை மூணுதான். அவங்க என்ன செய்யுறாங்கன்னுதான் கேள்வி, செஞ்சது தேறுச்சா இல்லையான்னு இல்ல.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். ஆப்ஷனைக் கையால மூடிட்டு, முதல் ஆளோட முடிவு எந்த வரி, அதுக்கு அவர் கொடுக்குற காரணம் எந்த வரின்னு பிரிச்சுப்பேன். அடுத்து ரெண்டாவது ஆள் கை வைக்கிறது எங்கன்னு பார்ப்பேன். காரணமே பொய்ங்கிறாரா, காரணம் சரி ஆனா அதுலேர்ந்து இந்த முடிவு வராதுங்கிறாரா, இல்ல காரணத்தைத் தொடாம நேரா முடிவை அடிக்கிறாரா? பெரும்பாலும் நடுவுல உள்ளதுதான், காரணத்துக்கும் முடிவுக்கும் இடையில இருக்குற ஓட்டையிலதான் கையை விடுவாங்க. இதை ஒரு வரி தமிழ்ல எழுதிட்டுத்தான் கையை எடுப்பேன். இங்கிலீஷ் பரீட்சைக்குத் தமிழ்லயான்னு கேட்பீங்க. எனக்குத் தமிழ்ல எழுதும்போதுதான் புரியாததைப் புரிஞ்ச மாதிரி எழுத வரல.

இன்னொரு வகை இருக்கு, அதுல நான் ரொம்ப நாள் தடுமாறினேன். ஒருத்தர் "ஒரு புத்தகத்தை முழுசா படிக்காதவனுக்கு அதைப் பத்திக் கருத்து சொல்ல உரிமை இல்ல"ங்கிறார். அடுத்தவர், "அப்படின்னா போரடிச்சு முப்பதாவது பக்கத்துல மூடி வச்சவன், போரடிச்சுதுன்னு கூட சொல்லக்கூடாது"ங்கிறார். இங்க ரெண்டாவது ஆள் புதுசா எந்தத் தகவலும் கொண்டுவரல. முதல் ஆள் சொன்ன விதியையே எடுத்துக்கிட்டு, அது எங்க கொண்டுபோய் விடுதுன்னு காட்டுறாரு. இதைப் பார்த்ததும் எனக்கு நன்னூல் பாயிரம்தான் ஞாபகம் வந்துச்சு. எழுவகை மதம்னு (மதம்னா இங்க கொள்கை) உடன்படல், மறுத்தல்னு ஆரம்பிக்குமே, அதுல மூணாவது "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு". அடுத்தவன் சொல்றதை முதல்ல ஏத்துக்கிட்டு, அப்புறம் அதைக் களையுறது. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்தது, இத்தனை வருஷம் கழிச்சு எல்சாட் பேப்பர்ல வந்து நிக்குது. அது நூல் எழுதுறவங்களுக்குச் சொன்னது, பரீட்சைக்கு இல்லைன்னு யாராவது தமிழ் வாத்தியார் வந்து பிடிப்பீங்க. தெரியும் சார், எனக்கு ஞாபகம் வச்சுக்க உதவுச்சு, அவ்வளவுதான்.

மூணாவதா ஒண்ணு, ரெண்டாவது ஆளே கோட்டை விடுற வகை. "இந்த மருந்து சிலருக்கு ஒத்துக்காது"ன்னு ஒருத்தர். "எங்க அப்பாவுக்கு ஒத்துக்கிச்சே"ன்னு இன்னொருத்தர். சிலருக்குன்னு சொன்னதை எல்லாருக்கும்னு காதுல வாங்கிட்டு பதில் சொல்றாரு. இங்க "எதிர் உதாரணம் காட்டி முதல் ஆளோட கருத்தைத் தகர்க்குறாரு"ன்னு ஒரு ஆப்ஷன் கண்டிப்பா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். உதாரணம் இருக்கு, தகர்க்கத்தான் இல்ல. சரியான ஆப்ஷன் "முதல் ஆள் சொல்லாததைச் சொன்னதா எடுத்துக்கிட்டு பதில் சொல்றாரு"ங்கிற மாதிரி இருக்கும்.

இந்த எதிர் உதாரணம்னதும் எனக்கு எரியுற விஷயம் ஒண்ணு. நான் போன கோச்சிங்ல, பேர் வேண்டாம், ரெண்டாவது ஆள் "ஆனா"ன்னு ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கிட்டு எதிர் உதாரணம்னு போடுங்கன்னு சொல்லிக் கொடுத்தாங்க. மேல மீனாவும் "ஆனா"ன்னுதான் ஆரம்பிக்குறா, அங்க உதாரணம் எங்க இருக்கு? ஆறாவது வாரம் நின்னுட்டேன், கட்டின ஃபீஸ்ல ஒரு பைசா திரும்ப வரல. அதுகூட போகட்டும். பின்னாடி எனக்கு ஸ்கோர் வந்ததும் அன்பா ஃபோன் பண்ணி விசாரிச்சாங்க, நானும் வெள்ளந்தியா சொல்லிட்டேன், அடுத்த வாரம் "எங்கள் மாணவர்"னு என் போட்டோவைப் போட்டு விளம்பரம். அதுவும் அட்மிஷன் ஃபார்ம்ல ஒட்டின பாஸ்போர்ட் போட்டோ. எடுங்கன்னு மூணு மெயில் போட வேண்டியதாச்சு. இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா இந்தத் தளத்துல கோச்சிங் தேவையான்னு தினம் ஒருத்தர் கேட்குறதால சொல்லி வைக்கிறேன். எல்லா கோச்சிங்கும் அப்படின்னு நான் சொல்லல, சொல்லாததைச் சொன்னதா யாரும் கமென்ட் போட வேண்டாம்.

ஸ்கோர் கேட்பீங்க. முதல் தடவை வெர்பல் 77, ரெண்டாவது தடவை 84. அறுபதுலேர்ந்து தொண்ணூறு வரைக்கும் உள்ள ஸ்கேல்ல இது ஒண்ணும் உலக சாதனை இல்ல, 88 எடுத்தவங்க பதில் எழுதினா அதையும் படிங்க. ஏறினது முழுக்க இந்த ஒரு வகையாலன்னும் சொல்ல மாட்டேன், இந்த வகை பரீட்சைக்கு ஒண்ணு ரெண்டு வந்தாலே அதிகம். ஆனா அடுத்தவங்க வாதத்தை நாமளே எழுதி முடிக்கிற வியாதி அசம்ப்ஷன்லயும் ரீடிங்லயும் கூட இருந்துச்சு, அங்கயும் கொஞ்சம் குறைஞ்சுது.

நீங்க இப்ப செய்ய வேண்டியது, ஏற்கெனவே தப்பு பண்ண பத்து கேள்வியை எடுங்க, புதுசு வேண்டாம். நீங்க போட்ட தப்பு ஆப்ஷன்ல இருக்குற ஒவ்வொரு வார்த்தைக்கும் ரெண்டாவது ஆளோட பேச்சுல விரலை வச்சுக் காட்டுங்க. "மறுக்கிறார்"னு இருந்தா எந்த வரியில மறுக்குறாரு? "பொதுவான விதியைச் சொல்கிறார்"னு இருந்தா எது அந்த விதி? "நிறுவுகிறார்"னு இருந்தா அந்த முடிவை அவர் வாயாலயே சொன்னாரா? ஆப்ஷன்ல முக்கால்வாசி சரியா இருந்து கடைசி ரெண்டு வார்த்தைக்கு விரல் வைக்க இடம் இல்லைன்னா அந்த ஆப்ஷன் காலி. முதல்ல கேள்விக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், ஆகட்டும். எனக்கு ரெண்டு நிமிஷத்துக்குள்ள வர மூணு வாரம் பிடிச்சுது, அதுலயும் முதல் வாரம் பூரா பக்கத்துல அக்கா உட்கார்ந்திருந்தா.