கடலைவிட டிரம்முக்குப் பயப்படுங்கள்

தொண்டிப் பக்கமும் பாம்பன் பக்கமும் கிராமச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கைக்குழந்தைகள், சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மண்டபத்திலிருந்து ஒரு தங்கை: அக்கா, வாசலைத் திறந்தால் கடல்தான். பையனுக்கு ஒன்றரை வயது. பயத்தில் தூக்கமே வரவில்லை. வேலி போடலாமா?

போடுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு சுற்று பாருங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் குழாயில் தண்ணீர் வருகிற அன்று டிரம், அண்டா, பக்கெட், சிமென்ட் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைக்கிறோம். ஆபத்து அங்கேதான். இந்த வயதுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. அரை பக்கெட் தண்ணீர்கூட வேண்டாம், மூக்கும் வாயும் முங்கினால் போதும். சத்தமும் கேட்காது, கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. கடலைப் பார்த்து நடக்கிற பிள்ளையைத் தெருவில் நாலு பேராவது பார்ப்பார்கள். குளியலறைக்குள் நுழைகிற பிள்ளையை யார் பார்ப்பது?

டிரம்முக்குத் திருகி மூடுகிற மூடி வாங்குங்கள். மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து வைப்பதெல்லாம் மூடி ஆகாது. காலி பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு, குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு கொண்டி. மணலில் ஊற்று தோண்டியிருந்தால் தண்ணீர் எடுத்ததும் பலகை போட்டு மூடுங்கள். ஊருணிக்குத் துணி துவைக்கப் போகும்போது சின்னதைப் பெரிய பிள்ளையிடம் விட்டுப் போகாதீர்கள். அந்தப் பெரிய பிள்ளைக்கு வயது ஏழாகத்தான் இருக்கும்.

அவரே மறுபடியும்: அப்படி விழுந்துவிட்டால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். வயிற்றையும் அமுக்காதீர்கள். அதில் வருவது வயிற்றுத் தண்ணீர், அது நுரையீரலுக்குள் போய்விடலாம். பிள்ளைக்கு அந்த நேரத்தில் தேவை காற்று. மூச்சு இல்லையென்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கைக்குழந்தையானால் அதன் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு மெல்ல ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 தடவை வேகமாக அமுக்கி, 2 தடவை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். ராமேசுவரம் தீவுக்குள் இருப்பவர்களுக்குச் சாலைவழி பாம்பன் பாலம் ஒன்றுதான். விடுமுறை நாளில் அங்கே வண்டிகள் நிற்கிற வரிசை உங்களுக்கே தெரியும். "கொஞ்சம் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம்" என்று காத்திருக்காதீர்கள்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெய் கேனை வீட்டில்தான் வைக்கிறோம். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது தம்பி. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவானாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் நாலு சொட்டு போவதுதான் கெடுதல். வாந்தி வரும்போது அதுதான் நடக்கும். பால், எண்ணெய், மோர் எதுவும் வேண்டாம். சட்டை நனைந்திருந்தால் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை சிரித்து விளையாடினாலும் சில மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். இருமலும் இரைப்பும் தாமதமாகவும் வரலாம்.

இன்னொன்று. கேனிலிருந்து கொஞ்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பாட்டில் என்றாலே தண்ணீர்தான் என்று பிள்ளைக்கு நாம்தான் பழக்கியிருக்கிறோம். எலியைக் கொல்ல வைக்கிற விஷப் பசையும் அப்படித்தான், பிள்ளைக்கு அது பல் விலக்குகிற பேஸ்ட் மாதிரி தெரியும். அதைத் தின்ற பிள்ளை ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருக்கும், அப்புறம் கல்லீரல் கெட்டுப்போகும். நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு பாட்டி: பேத்திக்கு ரெண்டு மாசம். குளிக்க வைத்து மூக்கில் எண்ணெய் விட்டால் மருமகள் சண்டைக்கு வருகிறாள். நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?

வளர்த்தீர்கள் அம்மா, யார் இல்லை என்றது? ஆனாலும் இதில் நான் மருமகள் பக்கம்தான். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம். உடம்பில் தேயுங்கள், காலை நீவி விடுங்கள், அதெல்லாம் நல்லது. ஒரு வயது வரை நாக்கில் தேன் தடவாதீர்கள். கற்பூரம் போட்ட எண்ணெயும் வேண்டாம், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். சாம்பிராணிப் புகையைப் பிள்ளை இல்லாத அறையில் காட்டுங்கள்.

பரமக்குடியிலிருந்து: சேலைத் தூளி கட்டலாமா?

கைக்குழந்தைக்குக் கட்டுங்கள், பார்வை படுகிற இடத்தில், தரையிலிருந்து தாழ்வாக. பிள்ளை புரளவும் எழுந்து உட்காரவும் ஆரம்பித்தால் அவிழ்த்துவிட வேண்டும். எனக்கு அதைவிடப் பயம் அக்காள், அண்ணன் பிள்ளைகளை நினைத்துத்தான். பள்ளி விட்டு வந்து காலித் தூளியில் உட்கார்ந்து முறுக்கி முறுக்கிச் சுற்றுவார்கள். சேலை கழுத்தில் இறுகினால் கூப்பிடக்கூட முடியாது. குழந்தை இல்லாத நேரம் தூளியைச் சுருட்டி எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து: ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை மகள் விழுங்கிவிட்டாளோ என்று சந்தேகம். வாழைப்பழம் கொடுத்தால் போய்விடும் என்கிறார்கள்.

பழம், சோறு எதுவும் கொடுக்காமல் உடனே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் என்றாலும் போக வேண்டும்.

சாயல்குடிப் பக்கமிருந்து: ஊரைச் சுற்றிக் கரிமூட்டம், விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்குகிறார்கள். பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

மேலே மண்ணும் சாம்பலும் ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கனல் கிடக்கும். கரியை அள்ளின பிறகும் அந்த இடத்தில் விடாதீர்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். குடிதண்ணீரை ஊற்ற மனம் வராது, தெரியும்; போர் தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதும். மை, பேஸ்ட், மாவு எதையும் பூசாதீர்கள். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படுகிற பாடு சொல்லி மாளாது.

தங்கச்சிமடத்திலிருந்து: கரையில் ஒதுங்குகிற பேத்தை மீனை வைத்துப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். தொட்டால் விஷமா?

தொடுவதைவிடத் தின்பதுதான் ஆபத்து. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கிற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. உதடு மரத்துப்போனால் அதுதான் ஆரம்பம், அப்புறம் மூச்சே நிற்கலாம். விளையாட வேறு பந்து கொடுங்கள், கையைக் கழுவச் சொல்லுங்கள். திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால், நீங்கள் முதலில் கைவைத்துப் பார்த்துப் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் காலை முக்கி வையுங்கள், வலி குறையும். அப்புறம் ஆஸ்பத்திரி. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: மூன்று வயது மகனை பைக்கில் டேங்க் மேல் உட்கார வைத்துப் போகிறேன். தப்பா?

தப்புதான். திடீரென்று பிரேக் போட்டால் முதலில் பறப்பவன் அவன். 2023 பிப்ரவரியிலிருந்து சட்டப்படியும் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. அந்த அளவில் ஹெல்மெட் கிடைக்கும்வரை பஸ்ஸில் போங்கள்.