மேட்சை லைவாகக் குரூப்பில் விட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: நான் கல்லூரி மாணவன், விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மொபைலில் லைவ் டிவி பார்க்க ஒரு ஆப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். கிரிக்கெட் தொடர் நடந்தபோது நண்பர்களுக்காக டெலிகிராமில் குரூப் தொடங்கி, அதில் மேட்சை லைவாக விட்டேன். ஸ்க்ரீன் ரெக்கார்டரில் எடுத்தால் படம் கறுப்பாகவே வந்தது. அதனால் ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே இன்னொரு போனின் கேமராவை வைத்து அனுப்பினேன். குரூப்பில் 62 பேர். சந்தாவுக்காக ஆளுக்குக் கொஞ்சம் பணம் வாங்கினேன். லாபம் எதுவும் இல்லை. இப்போது சேனலின் வக்கீலிடமிருந்து ஈமெயிலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. 7 நாளில் பதில் வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும் என்கிறார்கள். கூடவே வந்த கோர்ட் ஆர்டர் நகலில் பிரதிவாதி 'அசோக் குமார்' என்று இருக்கிறது. என் பெயர் அது இல்லை. இது போலியா? போலீஸ் பிடிக்குமா? குரூப்பை அழித்துவிட்டால் போதுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: குரூப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இன்று இரவே நீங்கள் அதைச் செய்துவிடக்கூடும் என்பதால். அழிக்காதீர்கள். மேட்ச் விடுவதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துவது வேறு, தடயத்தை அழிப்பது வேறு. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு சாட்களையும் உறுப்பினர் பட்டியலையும் அழித்தால், சாட்சியத்தை மறைத்தார் என்ற தனிக் குற்றச்சாட்டு வரலாம். மின்னணுப் பதிவை அழிப்பதும் அதில் அடங்கும். அதோடு, லாபம் பார்க்கவில்லை என்று நாளைக்கு நீங்கள் காட்ட வேண்டிய கணக்கும் அந்தச் சாட்களில்தான் இருக்கிறது. மேட்ச் வீடியோ ஏதாவது குரூப்பில் கிடந்தால், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு யாரும் பார்க்க முடியாதபடி நீக்குங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

அசோக் குமார் என்ற பெயரைப் பார்த்து நோட்டீஸ் போலி என்று முடிவு செய்ய வேண்டாம். யார் என்றே தெரியாத ஆட்கள் மீது வழக்குப் போடும்போது நம் நீதிமன்றங்களில் அந்தப் பெயரைப் போடுவது வழக்கம். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, அனுமதியில்லாமல் ஒளிபரப்பிய கேபிள்காரர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப் பெயர் தெரியாதவர்கள் மீது ஆணை கொடுத்தது. அப்புறம் ஒவ்வொரு பெரிய தொடருக்கும் இது வாடிக்கையாகிவிட்டது. யார் என்று தெரிந்ததும் அந்த ஆணை அவரையும் கட்டுப்படுத்தும். அதேசமயம், இப்படிப் போலி நோட்டீஸ் அனுப்பி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. நோட்டீஸில் இருக்கும் வழக்கு எண்ணை அந்த உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வக்கீலின் பெயர், முகவரி, பார் கவுன்சில் பதிவு எண் சரிதானா என்று பாருங்கள். 'உடனே இந்த நம்பருக்குப் பணம் போடு, கேஸை முடித்துவிடலாம்' என்று யாராவது போனில் பேசினால், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

சரி, நீங்கள் செய்தது தவறா? போனில் லைவ் டிவி பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் அறையில் நாலு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே போனில் பார்த்திருந்தாலும் இந்த நோட்டீஸ் வந்திருக்காது. வாங்கிய ஒளிபரப்பை நீங்கள் மறுபடி ஒளிபரப்பியதுதான் விஷயம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஒளிபரப்பு நிறுவனத்துக்கென்று தனி உரிமை ஒன்றைத் தருகிறது. அது 25 வருடம் இருக்கும். அனுமதியில்லாமல் மறு ஒளிபரப்புச் செய்வது அந்த உரிமையை மீறுவது. கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவது அதே பிரிவில் இன்னொரு மீறல். இலவசமாக விட்டிருந்தாலும் முதலாவது பொருந்தும். பணம் வாங்கியதால் இரண்டாவதையும் உங்கள் மீது சொல்வார்கள்.

'நண்பர்கள்தானே, இது பொதுமக்களா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் இதை யோசித்தே எழுதியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினாலே அது பொதுமக்களுக்கு அனுப்பியதாகக் கொள்ளப்படும் என்று 2(எஃப்எஃப்) பிரிவின் விளக்கம் சொல்கிறது. விடுதி அறைகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 62 பேரும் உங்கள் விடுதிக்குள்ளேயே இருந்திருந்தாலும் இந்த வாதம் எடுபடாது.

என்னை யோசிக்க வைத்தது உங்கள் கடிதத்தில் உள்ள வேறொரு வரி. ஸ்க்ரீன் ரெக்கார்டரில் படம் கறுப்பாக வந்தது, அதனால் இரண்டாவது போனை வைத்தேன் என்கிறீர்கள். தண்டனைக்கான 63ஆம் பிரிவில் 'தெரிந்தே' மீறினால் என்றுதான் இருக்கிறது. ஆப் பதிவு செய்ய விடவில்லை என்று பார்த்த பிறகும் வேறு வழி கண்டுபிடித்தவர், தெரியாமல் செய்தேன் என்று சொல்வது கஷ்டம். இதை உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். குரூப்பில், நண்பர்களிடம், எதிர்த்தரப்பு வக்கீலிடம் போனில், எங்கேயும் சொல்லாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு இன்னொரு மேட்ச் விட்டால், 'தெரிந்தே' என்பதை அவர்கள் நிரூபிக்கக் கஷ்டப்படவே வேண்டாம்.

தண்டனை என்ன? 63ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறல் என்றால், தக்க காரணங்களை எழுதி நீதிமன்றம் அதற்கும் குறைவாகத் தரலாம். நீங்கள் வாங்கிய பணமும் கட்டிய சந்தாவும் எவ்வளவு என்ற கணக்கு இங்கேதான் உதவும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். வாங்கிய மொத்தம் சந்தாவைவிட அதிகமாக இருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

போலீஸ் விஷயம். இது வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஜாமீனில் விட முடியாதது என்றால் ஜாமீனே கிடையாது என்று அர்த்தமில்லை; ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் முடிவு செய்யும், அவ்வளவுதான். 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யக் கூடாது, கைது தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிட வேண்டும் என்பதும் சட்டம்தான். கைது, ஜாமீன் போன்ற குற்ற நடைமுறைகளைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 35ஆம் பிரிவு அது. உங்களுக்கு வந்திருப்பது சிவில் வழக்கை ஒட்டிய வக்கீல் நோட்டீஸ், எஃப்.ஐ.ஆர். போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 482ஆம் பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். படிக்கிற பையன், முதல் தடவை, உடனே நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் நீதிபதி முன் எடுத்துச் சொல்லக்கூடியவை.

நோட்டீஸில் உள்ள நஷ்டஈட்டுத் தொகை அவர்கள் கேட்பது. கோர்ட் தீர்மானித்தது அல்ல. 7 நாள் என்பதும் அவர்கள் வைத்த கெடு. இருந்தாலும் அதற்குள் வக்கீல் மூலமாகப் பதில் போய்விட வேண்டும். பதில் போகாவிட்டால் அடுத்த அடியை அவர்கள் கோர்ட்டில்தான் வைப்பார்கள். ஒளிபரப்பை நிறுத்திவிட்டேன், இனிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியோடு, தொகையை ஏற்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாசகம் இல்லாமல் அந்தப் பதில் இருக்க வேண்டும். அந்த வார்த்தைகளை நீங்களே எழுதாதீர்கள். இப்படிப்பட்ட சின்ன ஆட்கள் விஷயத்தில், உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு சமாதானமாக முடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்கு முதலில் பேச்சு தொடங்க வேண்டும்.

குரூப்பை வைத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. ஸ்கோரை டைப் செய்து போடுங்கள், அந்த கேட்ச் அவுட்டா இல்லையா என்று சண்டை போடுங்கள். நடந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சந்தா பாஸ்வேர்டை மட்டும் பத்துப் பேருக்குக் கொடுக்காதீர்கள். ஆப்பின் நிபந்தனையை மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

இன்று வீட்டில் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ், கோர்ட் ஆர்டர் நகல், சந்தா ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், குரூப்பின் ஸ்க்ரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு, அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். ஃபீஸ் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100க்கு போன் செய்யலாம்.