ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் 24

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு மலரை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏ5 அளவில் 22 பக்கமாக முடித்துவிட்டேன். ஏ4 தாளில் இருபுறமும் அச்சிட்டு, மடித்து, நடுவில் பின் அடிக்க எண்ணம். பக்கங்களை நானே இடம் மாற்றி வைக்க வேண்டுமா?
– தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். ஃபைலில் பக்கங்கள் படிக்கிற வரிசையிலேயே இருக்கட்டும். நீங்கள் கையால் மாற்றி அடுக்கி முடித்த அன்றைக்குத்தான் தலைமையாசிரியரின் வாழ்த்துரை வந்து சேரும்!

ஆனால் 22 உதவாது. ஒரு ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம். அதனால் 24 ஆக்குங்கள், ஆறு தாள். நீங்கள் சேர்க்காவிட்டால் மென்பொருளே கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்துவிடும். அப்புறம் பின்னட்டை காலியாக நிற்கும். அதற்கென்றே பணம் கொடுத்த நகைக்கடைக்காரர் விளம்பரம் உள்ளே போய்விடும். 21ஆம் பக்கத்துக்குப் பிறகு இரண்டையும் சேர்த்தே செருகுங்கள். மாணவர் ஓவியங்கள் எப்படியும் மிச்சம் இருக்குமே.

ஆறு வெள்ளைத் தாளை மடித்துச் செருகி, எண் எழுதிப் பிரித்துப் பாருங்கள். இதைத்தான் டம்மி என்போம். வெளித்தாளில் ஒருபுறம் 24, 1. மறுபுறம் 2, 23. அடுத்த தாளில் 22, 3. பின்னால் 4, 21. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 25 வரும். வராவிட்டால் எங்கோ பிசகு. நடுத்தாளில் மட்டும்தான் 12, 13 அடுத்தடுத்து வரும். ஆசிரியர் குழுப்படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடுவதாக இருந்தால் அங்கே போடுங்கள். வேறு இடத்தில் போட்டால் பாதிப்படம் ஒரு தாளிலும் மீதி இன்னொரு தாளிலும் விழும். நடுவில் நிற்பவர் முகம் கோணும்.

அச்சிட, ஃபைல் மெனுவில் 'பிரிண்ட் புக்லெட்', அதில் '2-அப் சேடில் ஸ்டிட்ச்' (மடித்து நடுவில் பின் அடிக்கும் முறை). பிரிண்டர் அமைப்பில் தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். நீள விளிம்பில் திருப்பினால் பின்புறம் தலைகீழ். இதிலிருந்து நேரடியாக பி.டி.எஃப். ஆக 'எக்ஸ்போர்ட்' செய்ய முடியாது. ஜெராக்ஸ் கடையில் அச்சிடுவதானால், வரிசையான பி.டி.எஃப். கொடுத்து, அக்ரோபேட் ரீடரில் 'புக்லெட்' தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும். ஆப்செட் அச்சகத்துக்கும் வரிசையாகவே கொடுங்கள். அவர்கள் மெஷின் அளவுக்கு ஃபாரம் போட்டுக்கொள்வார்கள், அதாவது பெரிய தாளில் பக்கங்களை அவர்களே அடுக்கிக்கொள்வார்கள். நீங்கள் அடுக்கிக் கொடுத்ததைப் பிரிப்பது அவர்களுக்கு இரட்டை வேலை.

மடித்தபின் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எடை அளவு) தாளில் அரை மில்லிமீட்டர் போல. கட்டிங்கில் அது போய்விடும், சரி. ஆனால் பக்க எண்ணை ஓரத்தோடு ஒட்டி வைத்திருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள்.