கட்சி சாராமல் ஊர் வேலை பார்ப்பது: கேட்டவர்களுக்குப் பதில்

கோபி பக்கம் எங்கள் ஊரில் கட்சி சாராத வாக்காளர் குழு நடத்துகிறோம், பத்து வருடம் ஆகிறது. இதே மாதிரி தங்கள் ஊரிலும் தொடங்க நிறையப் பேர் வழி கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அந்தியூர்: அக்கா, எங்க அப்பா ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். நான் குழுவில் சேர்ந்தால் ஊர் நம்புமா?

சேருங்க தம்பி. உங்கள் ஓட்டு யாருக்கு என்று குழு கேட்காது. கட்சிப் பதவியில் இருப்பவரைப் பொறுப்பாளராக வைப்பதில்லை, அவ்வளவுதான். குடிநீர் பற்றி ஆளுங்கட்சிக்காரரிடம் கேட்ட கேள்வியை அதே சொற்களில் எதிர்க்கட்சிக்காரரிடமும் சுயேச்சையிடமும் கேட்கிறீர்களா என்றுதான் ஊர் பார்க்கும்.

உள்ளாட்சித் தேர்தலின்போது எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்குக் கூப்பிட்டோம். ஐந்து கேள்விகளைத் தாளில் அடித்து ஒரு வாரம் முன்பே எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டோம். பேசும் வரிசைக்குச் சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு, ஆறாவது படிக்கும் பிள்ளையை எடுக்கச் சொன்னோம். ஆளுக்கு 4 நிமிடம். ஒருவர் நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை. மணியடித்து உட்கார வைத்தது எங்கள் குழுப் பெண், அந்த வேட்பாளருக்குச் சொந்த அத்தை மகள். அதற்கப்புறம் எங்களை யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

பல்லடம்: கிராம சபைக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். போய் என்ன பயன்?

எனக்கும் அது நடந்திருக்கிறதுங்க. வாசலிலேயே நோட்டை நீட்டினார்கள், நானும் போட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் நாங்கள் பேசாத தீர்மானம் அதில் ஏறியிருந்தது, சாக்கடை பற்றி நாங்கள் பேசியது ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வருகைப் பதிவுக்குக் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்குக் கையெழுத்து வேறு. தீர்மானம் எழுதி, சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் அதன் அடியில் கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வோம்.

சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பும் (கோரம்) தெரிந்திருக்கட்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நாட்களும் நினைவில் இருக்கட்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் சபை உண்டு.

கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். "மூன்றாவது வீதி மேல்நிலைத் தொட்டி கடைசியாகக் கழுவிய தேதி எது?" என்று எழுதிக் கொடுங்கள். "தண்ணீர் சரியில்லை" என்றால் பதில் சொல்லாமல் நழுவலாம். தேதி கேட்டால் பதில் வந்தாக வேண்டும். தீர்மான நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

காங்கேயம்: குழுவுக்குப் பணம் யார் தருகிறார்கள்?

நாங்களேதான். மாதம் ஆளுக்கு 50 ரூபாய். வேட்பாளர்களிடமும் கான்ட்ராக்டர்களிடமும் டீ செலவுக்குக்கூட வாங்குவதில்லை. கணக்கை ரேஷன் கடைப் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறோம்.

மொடக்குறிச்சி: ஓட்டைப் புறக்கணிப்பதுதானே சரியான எதிர்ப்பு?

உங்கள் ஊர்க்காரர்கள் 1996-ல் வேறு வழியைக் காட்டினார்கள். கோரிக்கை காதில் ஏறாத கோபத்தில் விவசாயிகள் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ததில், சட்டமன்றத் தேர்தலில் நின்றவர்கள் மொத்தம் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவே ஒரு மாதம் தள்ளிப்போனது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த ஆண்டே டெபாசிட் தொகையை 250-லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். அதனால் எளியவர் ஒருவர் தேர்தலில் நிற்பது இன்னும் கடினமாகிவிட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

புறக்கணிப்பு அதைவிடப் பலவீனமானது. வராதவரை யாரும் எண்ணுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் நோட்டா இருக்கிறது, 2013-லிருந்து. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலில் வந்தவர்தான் ஜெயிப்பார்.

திருப்பூர்: நான் தேனிக்காரி, பனியன் கம்பெனி வேலை. ஓட்டு ஊரில் இருக்கிறது.

படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கம்மா. படிவம் 6 புதிதாகச் சேர்பவர்களுக்கு. தேர்தல் தேதி அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது. சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்யுங்கள்.

சத்தியமங்கலம்: வேட்பாளரைப் பற்றி எங்கே தெரிந்துகொள்வது?

வேட்புமனுவோடு அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-ல். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் 1999-ல் தொடங்கிய ஏ.டி.ஆர். (ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்) என்ற அமைப்பு போட்ட வழக்கில், 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் கிடைத்தது இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் பார்க்கலாம். போன முறை கொடுத்ததையும் இந்த முறை கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், ஒரு வரி விமர்சனமும் எழுதாமல். எல்லா வேட்பாளருடையதையும் ஒட்ட வேண்டும்.

சென்னிமலை: இப்படிச் சின்னக் குழுவால் என்ன சாதிக்க முடியும்?

உங்கள் பக்கத்தில் நொய்யல் ஆற்றில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையையே பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் கட்டியது, திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், வருடக்கணக்கில் நடந்தார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், கழிவை வெளியே விடும் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவு வந்தது. பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் பிழைப்பு அடிபட்டதும் உண்மை, அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஆற்றுக்காக விவசாயிகளைச் சேர்த்து வைத்தது கட்சி இல்லை. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி எடுத்து வைத்தால் நீங்களும் தொடங்கலாம். அடுத்த கிராம சபைக்கு அந்தப் பாட்டிலோடு போங்கள்.