செவித்திறன் ஆய்வுக்கு எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்? கேள்வி பதில்

கோவை, ஆடியாலஜி மாணவி: லேப்டாப் ஹெட்போன் ஜாக்கே பத்தாதுங்களாண்ணா? ஆடியோ இன்டர்ஃபேஸ்னு தனிப்பெட்டி எதுக்குங்க?

பாட்டுக் கேட்கப் பத்தும் அம்மிணி, த்ரெஷோல்டு (காதுக்குக் கேட்கும் மிகக் குறைந்த ஒலி அளவு) எடுக்கப் பத்தாது. விண்டோஸ் ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று ஒலியைத் தன்னிஷ்டத்துக்குத் திருத்தும். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிளாக (ஒலியின் அளவீடாக), செய்த கோப்பை 48,000-க்கு மாற்றி ஓட்டும், உங்களிடம் சொல்லாது. சார்ஜரைச் செருகினால் 50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு வரலாம். தனிப்பெட்டியை ஏஎஸ்ஐஓ டிரைவரில் (ஒலியை நேராகப் பெட்டிக்கு அனுப்பும் மென்பொருள்) ஓட்டினால் நடுவில் விண்டோஸ் கை வைக்காது.

திருப்பூர்: மாடல் பெயரைச் சொல்லிப்போடுங்க, வாங்கிக்கிறேன்.

பெயருக்கு முன்னால் வால்யூம் குமிழைப் பாருங்க. சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மின்தடை மாறும் குமிழ்) என்றால், துடைக்கும்போது கை பட்டாலே ஒன்றிரண்டு டெசிபல் நகர்ந்துவிடும். அன்றோடு காலிபரேஷன் (எந்த நிலைக்கு எத்தனை டெசிபல் என்று அளந்து வைத்தது) செல்லாது. அளவை எண்ணில் காட்டி, மறுபடி அதே எண்ணில் நிறுத்த முடிகிற பெட்டிதான் வேண்டும். ஆர்எம்இ நிறுவனத்தின் பேபிஃபேஸ் ப்ரோ, ஃபயர்ஃபேஸ் யுசிஎக்ஸ் இந்த வகை. விலைதான் கடிக்கும்.

கையில் குமிழ் வைத்த பெட்டிதான் இருக்கிறதா? குமிழைக் கடைசி வரை திருப்பி டேப் ஒட்டுங்க. வெளியே 20 டெசிபல் பாசிவ் அட்டெனுவேட்டர் (மின்சாரம் இல்லாமலே சிக்னலைக் குறைக்கும் இணைப்பு) போட்டு, அது மாட்டிய நிலையிலேயே காலிபரேட் செய்யுங்க. சிஸ்டம் சவுண்டை அணைக்காமல் யார் காதிலும் மாட்டாதீங்க; முழு வால்யூமில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால் காது என்னத்துக்கு ஆகும்?

ஈரோடு: காதுக்குள்ள வைக்கிற இன்சர்ட் இயர்போனில் ‘ஸ்ஸ்’னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. 24 பிட்டுத் துல்லியம்தான் வச்சிருக்கேன்.

பிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல். மென்பொருளில் ஒலியைக் குறைத்தால் டோன் மட்டும் இறங்கும், இரைச்சல் அப்படியே நிற்கும். பெட்டிக்கும் இயர்போனுக்கும் நடுவில் அட்டெனுவேட்டர் வைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

பொள்ளாச்சி: ஒலி இரு காதுக்கும் வந்து சேர்ற நேர வேறுபாட்டுச் சோதனைக்கு 192 கிலோஹெர்ட்ஸ் வேணுங்களா?

வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் 20.8 மைக்ரோ நொடி. பழகிய காது 10 மைக்ரோ நொடி வேறுபாட்டையும் பிடிக்கும் என்பதால் இந்தச் சந்தேகம் வருகிறது. எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்து ஃபேஸைத் (ஒவ்வொரு அலையின் நிலையை) திருப்பினால் அரை சாம்பிள், கால் சாம்பிள் தாமதமும் கிடைக்கும்.

கோபி: ஒரு பெட்டியில ஒலி விட்டு, யுஎஸ்பி மைக்கில பதிவு பண்றேன். போகப் போக நேரம் தள்ளிப்போவுதுங்க.

பெட்டிக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு கிரிஸ்டல், இரண்டு கடிகாரம். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்கு 3 மில்லிநொடி விலகும். ஒலிப்பதும் பதிவதும் ஒரே பெட்டியில் நடக்கணும். ஓட்டோஅக்கவுஸ்டிக் எமிஷன் (காதே எழுப்பும் மெல்லிய ஒலி) எடுப்பவர்களுக்கு இன்னொன்று: எஃப்1, எஃப்2 என்ற இரண்டு அதிர்வெண் டோன்களைத் தனித்தனிச் சேனலில், தனித்தனி ஸ்பீக்கரில் விடுங்க. ஒரே ஸ்பீக்கரில் கலந்தால் அதுவே நீங்கள் தேடும் 2எஃப்1–எஃப்2 அதிர்வெண் ஒலியை உண்டாக்கும். காது தந்ததா, ஸ்பீக்கர் தந்ததா என்று பிரிக்க முடியாது.

பீளமேடு, இன்ஜினியரிங் மாணவர்: இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) கூட சேர்த்து ஓட்டணுங்க. லேட்டன்சி (ஒலி கிளம்பும் தாமதம்) எவ்வளவு இருக்கலாம்?

20 மில்லிநொடி இருந்தாலும் பரவாயில்லை தம்பி, தினமும் அதே 20 ஆக இருந்தால் கழித்துவிடலாம். தடவைக்குத் தடவை ஆடுவதுதான் ஆபத்து. ட்ரிகரை (ஒலி தொடங்கியதை இஇஜிக்குச் சொல்லும் சிக்னல்) கம்ப்யூட்டரிலிருந்து தனியாக அனுப்பாதீங்க. நான்கு வெளியீட்டுப் பெட்டி வாங்கி, 1, 2-இல் ஒலி, 3-இல் சின்னப் பல்ஸ் வைத்தால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் கிளம்பும். அந்தப் பல்ஸை ஒரு கம்பரேட்டர் (குறித்த அளவைத் தாண்டினால் சிக்னல் தரும் சுற்று) வழியாக டிடிஎல் (ஆன்/ஆஃப் டிஜிட்டல் சிக்னல்) ஆக்கி இஇஜி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்க. பிறகு ஆசிலோஸ்கோப்பில் ஹெட்போன் வெளியீட்டையும் பல்ஸையும் அருகருகே வைத்து, இடைவெளி ஆடுகிறதா என்று நூறு தடவை ஓட்டிப் பாருங்க.

சோமனூர்: விசைத்தறித் தொழிலாளர்களைச் சோதிக்கப் போறோமுங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

பெட்டியைவிட நேரம் முக்கியம். ஷிஃப்ட் முடிந்த கையோடு சோதித்தால் தற்காலிகச் செவிக்குறைவும் சேர்ந்து வரும். சத்தத்தை விட்டு 14 மணி நேரமாவது ஆகியிருக்கணும், அதனால் காலையில் தறிக்குப் போகும் முன் வரச்சொல்லுங்க. தறியின் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலை ஹெட்போன் அவ்வளவாகத் தடுக்காது. பக்கத்துக் கூடத்தில் தறி ஓடினால் 250 ஹெர்ட்ஸ் முடிவை நம்பாதீங்க. ஹெட்போனுக்கு ஏற்ற கப்ளரும் (ஹெட்போனை மாட்டி ஒலியை அளக்கும் செயற்கைக் காது) 94 டெசிபல், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி தந்து அளவு மைக்கைச் சரிபார்க்கும் காலிபரேட்டரும் கூடவே போகட்டும். செல்போன் ஆப்பை வைத்து அளவு சரிபார்க்காதீங்க.