மூடிக்குள் தார்: பழைய கார் வாங்கியவர்களின் கேள்விகள்

2014 டீசல் டிசையர். மீட்டரில் 94,000 கி.மீ. மூன்று வாரம் முன்பு வாங்கினேன். பைபாஸில் 80-ஐத் தாண்டினால் சிவப்பு ஆயில் லைட் மினுக்குகிறது. ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஆயில் மூடிக்குள் தார் மாதிரி அப்பியிருக்கிறது. எஞ்சினுக்குள்ளே கழுவும் ஃப்ளஷ் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் கரைந்துவிடும் என்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா?
— திருப்பூர் வாசகர்

ஊற்றாதீர்கள். வண்டியையும் இனி ஓட்டாதீர்கள், டோ பண்ணி எடுத்துப் போங்கள்.

நீங்கள் எழுதிய அந்தப் பத்து நிமிஷம்தான் துப்பு. எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பருக்குள் ஓர் உறிஞ்சு குழாய், அதன் வாயில் ஸ்ட்ரெய்னர் என்ற கம்பி வலை. வேகம் கூடி பம்ப் பலமாக இழுக்கும்போது அந்தத் தார்க் கசடு வலைமேல் போய் ஒட்டுகிறது, ஆயில் ஏறுவதில்லை. நிறுத்தி வைத்தால் கசடு உதிர்ந்து கீழே இறங்குகிறது, லைட்டும் அணைகிறது. பேரிங் தேய்மானம் இதற்கு நேர் எதிர்: சூடான வண்டி சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது லைட் மினுக்கும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் அணையும்.

ஃப்ளஷ் ஏன் கூடாது? மெல்லிய படலமாக இருந்தால் அது கரைக்கும். உங்களுடையது அடை. அடை கரையாது, பாளம் பாளமாகப் பெயரும். பெயர்ந்ததெல்லாம் நேரே அந்த வலைக்குத்தான் போகும். இந்த 1.3 டீசலில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும், டர்போவின் தண்டும் ஆயில் பிரஷரை நம்பித்தான் இருக்கின்றன. அரை நிமிஷம் ஆயில் போகாவிட்டால் டர்போ போய்விடும்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில், 1,000 ஆர்.பி.எம்முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு. சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முள் ஏறி, பிறகு விழுந்தால் வலை அடைப்பு. அப்படியானால் சேம்பரை இறக்க வேண்டும். எஞ்சின் தலைமேல் மூடியிருக்கும் டேப்பட் கவரையும் கழற்ற வேண்டும். கசடைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அலுமினியத்தைக் கீற விடாதீர்கள். சேம்பரை வெளியே வைத்து மண்ணெண்ணெயில் கழுவி ஈரமில்லாமல் காயவிடலாம். ஸ்ட்ரெய்னரைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு கண்ணில் அடைப்பு இருந்தாலும் புதிது போடுங்கள். அந்தக் குழாய் உட்காரும் இடத்தில் சின்ன ரப்பர் ஓ-ரிங் இருந்தால் அதையும் கட்டாயம் மாற்றுங்கள். இறுகிப்போன ஓ-ரிங் வழியே பம்ப் காற்றை உறிஞ்சும், இவ்வளவு வேலையும் வீணாகும். டர்போவுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் இரண்டையும் கழற்றிப் பாருங்கள்.

மாட்டும்போது ஒரு தவறு எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. சிலிக்கான் பேஸ்ட்டைக் கொழுக்கட்டை மாதிரி அப்புவார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து, துடைத்த வலையையே மறுபடி அடைக்கும். 3 மி.மீ. கோடு போதும். டியூப்பில் எழுதியிருக்கும் நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும்.

பிறகு கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில், புது ஃபில்டர். 500 கி.மீ.யில் இரண்டையும் மாற்றுங்கள். அடுத்தது 1,500, அதற்கடுத்தது 3,000. அதன் பின் 5,000-க்கு ஒரு முறை. மூலை முடுக்கில் மிச்சமிருப்பதைப் புது ஆயிலே மெதுவாகக் கரைத்துக்கொண்டு வரும். உங்கள் வண்டியில் இருப்பது பேப்பர் ஃபில்டர். கழற்றும்போது மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். கறுப்புக் குருணை குறைந்துகொண்டே வந்தால் நல்லது. செம்பு நிற மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குமேல் ஆயிலுக்குச் செலவு செய்யாதீர்கள்.

பழைய ஆயிலோடு அரை லிட்டர் டீசல் ஊற்றிப் பத்து நிமிஷம் ஐடிலில் விட்டால் உள்ளே பளிச்சென்று ஆகிவிடுமாமே?
— மதுரை வாசகர்

ஆகும். பேரிங்கும் சேர்ந்து. வேண்டாம்.

டாக்டர் ஒருவர் வைத்திருந்த 2016 பெட்ரோல் கார். 19,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து கிளினிக்குக்கு மட்டும் போன வண்டி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் புரோக்கர்.
— தாம்பரம் வாசகர்

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். “டாக்டர் வண்டி”, “லேடி டிரைவன்”, “கோயிலுக்கு மட்டும்” என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கி.மீ. கணக்கில் மயங்கி நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். டேப்பட் கவரைக் கழற்றியபோது, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கசடுக்குள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம், எரியாத பெட்ரோலோடு சேர்ந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். அரை மணி நேரமாவது ஓடினால் ஆயில் சூடேறி அது ஆவியாகி, எஞ்சின் ஆவியை வெளியே விடும் பி.சி.வி. வால்வு வழியே வெளியேறும். மூன்று கி.மீ. ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் சூடேறவே ஏறாது. நீர், பெட்ரோல், புகைக்கரி மூன்றும் ஆயிலிலேயே தங்கிப் புளிக்கும். கசடு அங்கேதான் பிறக்கிறது. தினம் 100 கி.மீ. ஓடும் டாக்ஸியின் எஞ்சின் உள்ளே இதைவிடச் சுத்தமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே இன்னொரு வினை. கையேட்டில் “10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது” என்று இருக்கும். இந்த ‘எது முந்துகிறதோ’ யார் கண்ணிலும் படுவதில்லை. “இன்னும் 2,000 கூட ஓடலையே” என்று மூன்று வருடம் அதே ஆயிலில் விடுவார்கள். எனவே கி.மீ.யைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள். பதிவெண்ணைக் கொண்டு, கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் செய்த சர்வீஸ் வரலாற்றை எடுக்க முடியும், உரிமையாளரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே தேன் நிறப் படலம் என்றால் பரவாயில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம். விரலில் வழிக்கிற அளவு கறுப்பு என்றால் மூடியை மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். சில எஞ்சினில் மூடிக்கு நேர் கீழே தகடு மறைக்கும். அப்போது ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை முழுவதும் உருவி, ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே பொருக்கு இருக்கக் கூடாது.

டீசல் வண்டி. ஆயில் மாற்றி 300 கி.மீ.யில் கறுத்துவிட்டது. கசடா?
— தஞ்சாவூர் வாசகர்

இல்லை. டீசலில் கரியை ஆயில் தூக்கிக்கொள்கிறது, அது அதன் வேலை.

ஊட்டியில் இருக்கிறேன். ஆயில் மூடியின் அடியில் தயிர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 30,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.
— நீலகிரி வாசகர்

அவசரப்பட வேண்டாம். ஊட்டிக் குளிரில், சின்னச் சின்ன ஓட்டத்தில், மூடியில் மட்டும் நீர் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆவது சகஜம். மூடியைத் துடைத்துவிட்டு ஒரு முறை கோயம்புத்தூர் போய் வந்து திறந்து பாருங்கள். கூலன்ட் பாட்டிலில் இன்றே அளவைக் கோடு போட்டு வையுங்கள். கூலன்ட் குறையாமல், அதில் எண்ணெய்ப் பசை மிதக்காமல், டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலும் காப்பி நிறமாகாமல் இருந்தால் கேஸ்கெட்டைத் தொட வேண்டியதில்லை. மூன்றில் ஒன்று பிசகினாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்து, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆயில் லைட் எரிவதே இல்லை. நல்லதுதானே?
— நாகர்கோவில் வாசகர்

சாவியைத் திருப்பியவுடன், ஸ்டார்ட் ஆவதற்கு முன் அது எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு நொடியில் அணைய வேண்டும். எப்போதுமே எரியவில்லை என்றால் யாரோ ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றியிருக்கலாம். இருட்டில் கார் பார்க்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது?

பதிவு பெற்ற டீலரிடம் 4.2 லட்சத்துக்கு வாங்கினேன். விளம்பரத்தில் “எஞ்சின் கண்டிஷன் 100%”. நாற்பதாம் நாள் எஞ்சின் ஜாம். உள்ளே முழுக்கக் கசடு. “உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டீர்களே” என்கிறார்.
— சேலம் வாசகர்

உங்கள் மேல் தவறில்லை. நாற்பது நாளில் அவ்வளவு கசடு சேராது, உங்கள் வழக்கின் பலமே அதுதான். அந்தக் கையெழுத்து ஒரு தடைதான், ஆனால் 100% என்று எழுதி விற்ற பொய்க்கு அது உரிமம் அல்ல.

ரிப்பேரை இப்போதே தொடங்காதீர்கள். சேம்பரைக் கழற்றும்போது நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கி வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். கசடோடு கூடிய ஆயிலை ஒரு பாட்டிலில் வையுங்கள். கழற்றிய மெக்கானிக்கிடம் லெட்டர்ஹெட்டில் அறிக்கை வாங்குங்கள். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். இடையில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் இரண்டு மாதத்துக்குள் போடுங்கள், பாட்டிலும் மெக்கானிக்கும் காணாமல் போவதற்கு முன்.

இதே வண்டியைத் தனி நபரிடம் வாங்கியிருந்தால் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் காலி கேன்களைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா?
— திண்டுக்கல் வாசகர்

ஆணியால் நாலு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் அதே கேனில் வடிகட்டிய பழைய ஆயில் உங்களுக்கே திரும்பி வரும்.

என் காரில் கசடு இருக்கிறது. 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊற்றினால் லைட்டும் சத்தமும் இரண்டு மாதம் அடங்கும் என்கிறார்கள். அதற்குள் விற்றுவிடலாமா?
— ஊர் எழுதாத வாசகர்

ஊர் எழுதியிருந்தால் மேலே போட்டிருப்பேன், அங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் உஷாராகட்டும் என்று.