வயலின் சின்னதாகிவிட்டது, கடன் மட்டும் சின்னதாகவில்லை

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பத்து வயதை நெருங்கும் மகள் 32 மாதமாக வயலின் கற்கிறாள். ஏழு வயது மகன் கீபோர்ட். வாரத்தில் நான்கு மாலை வகுப்புக்கே போய்விடுகிறது. இரண்டு கருவிக்கும் தவணை ஓடுகிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இப்போது மகனின் ஆசிரியர், இன்னும் ஒரு வருடத்துக்குள் 88 கட்டை உள்ள கருவி வேண்டும் என்கிறார். கணவரின் அண்ணன், "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், நிஜப் பியானோவாக வாங்குங்கள், கடனுக்கு நான் ஜாமீன் போடுகிறேன்" என்கிறார். அடுத்த மாதம் வரும் போனஸை முன்பணமாகக் கொடுக்கலாமா? அல்லது ஒரு பிள்ளையின் வகுப்பை நிறுத்திவிடலாமா? பிள்ளைகளின் கலைப் படிப்புக்கென்று ஒரு காப்பீட்டுச் சேமிப்புத் திட்டம் இருக்கிறதாம், அதில் சேரலாமா? தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: தொகைகளை வெளியிடவில்லை. உங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்து மாதம் 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். வீட்டுச் செலவு, பள்ளி, பெரியவர்களின் மருந்து எல்லாம் சேர்ந்து 80. இசை வகுப்புக் கட்டணம் 7. வகுப்பு நாட்களில் போக்குவரத்தும் வெளிச் சாப்பாடும் 5. கருவித் தவணைகள் 8. ஆக 100.

வெளிச் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று சொல்ல நான் தேவையில்லை. அது உங்களுக்கே தெரியும், முடிந்த வாரம் செய்துகொண்டும் இருப்பீர்கள். வகுப்பையும் நிறுத்த வேண்டாம். கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் பழைய வயலினைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு, மீதிக் கடனைப் புதியதில் சேர்த்துக்கொள்கிறார், அதனால் சிரமமில்லை." உங்கள் வீட்டில் பணம் நிற்காமல் போவது அந்த "சிரமமில்லை"யில்தான்.

நீங்கள் அனுப்பிய ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் கை நீளத்துக்கு ஏற்ப வயலின் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகளில் வரும். முதல் வயலின் கால் அளவு, விலை 60. வட்டி "வெறும் 12 சதவீதம்", 24 மாதம், தவணை 3.1. பதினான்கு மாதத்தில் கை நீண்டுவிட்டது. மீதி 10 தவணை, அதாவது 31. பழைய வயலினுக்கு 20 கழித்தார்கள். பாக்கி 11.

இரண்டாவது அரை அளவு, விலை 75. அந்த 11ஐயும் நடைமுறைக் கட்டணம் 2ஐயும் சேர்த்து 88 கடன். தவணை 4.55. பதினாறு மாதத்தில் அதுவும் போயிற்று. மீதி எட்டு தவணை 36, பழையதற்கு 22 கழிவு, பாக்கி 14.

இப்போது இருப்பது முக்கால் அளவு. விலை 95, கடனோ 111. தவணை 4.8, இந்த முறை 30 மாதம். இரண்டு தவணை கட்டியிருக்கிறீர்கள்.

இந்த 111இல் வயலின் 95தான். மற்ற 16, திருப்பிக் கொடுத்துவிட்ட வயலின்களின் பாக்கியும் கட்டணமும். மகள் ஏழு வயதில் வாசித்த கால் அளவு வயலின் இன்று யார் வீட்டில் இருக்கிறதோ தெரியாது, அதற்கு நீங்கள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கடனைப் பாதியில் முடித்தால், இனி வரப்போகிற மாதங்களின் வட்டியைக் கழித்துவிட்டு அசலைத்தான் கேட்க வேண்டும். உங்களிடம் மீதித் தவணைகளை வட்டியோடு அப்படியே எடுத்து, அதைப் புதுக் கடனின் அசலாக்கியிருக்கிறார்கள். வராத மாதத்து வட்டிக்கு வட்டி!

அந்த 12 சதவீதமும் 12 இல்லை. முதல் கடனில் 60க்கு இரண்டு வருட வட்டி 14.4 என்று முதல் நாளே போட்டுவிட்டார்கள். நீங்களோ மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். இரண்டு வருடத்தில் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் 31ஐ ஒட்டித்தான். வருடத்துக்கு 7.2 வட்டியை 31க்கு வைத்துப் பாருங்கள். துல்லியமாகப் போட்டால் 22 சதவீதத்தை ஒட்டி வரும். "வட்டியில்லாத் தவணை" என்று வரும் விளம்பரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 100 விலையுள்ள பொருளை ரொக்கமாக வாங்கினால் 92க்குத் தருவார் என்றால், அந்த 8தான் வட்டி. ஒரு வருடத் தவணையில் சராசரிக் கடன் 50கூட இருக்காது. 50க்கு 8 என்றால் 16 சதவீதம். அதற்கு மேல் நடைமுறைக் கட்டணம் வேறு.

மொத்தமாக, 32 மாதத்தில் வயலினுக்கு மட்டும் 126 கட்டியாயிற்று. இன்னும் 134 பாக்கி. இதில் ஏறக்குறைய 73, வட்டியும் கட்டணமும்.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். முழு அளவு வயலினின் உடல் 14 அங்குலம். முக்கால் அளவுக்கு 13 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அந்த ஒரு அங்குலத்தை ஒரு குழந்தையின் கை எத்தனை மாதத்தில் வளரும்? மகளின் கை இதுவரை வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் இன்னும் 18 மாதம். கடன் முடிய 28 மாதம். அதாவது இந்த வயலினும் கடன் தீர்வதற்கு முன்பே சின்னதாகிவிடும். அப்போது கடைக்காரர் அதே சிரிப்போடு அதே தாளை நீட்டுவார்.

நீங்கள் கணக்குத் தெரியாதவர் இல்லை. கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கியிருக்கிறீர்கள். நேரம்தான் இல்லை. சனிக்கிழமை ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது நிமிடம், சின்னவன் பசிக்கிறது என்கிறான், பெரியவள் புது வயலினை ஏற்கெனவே தோளில் வைத்துவிட்டாள். கைபேசியில் நான்கு முறை விரலை வைத்தால் கடன் ஒப்புதல் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். என் வீட்டு அலமாரி மேல் உறையோடு ஒரு கிடார் கிடக்கிறது. தவணை முடிந்த மாதத்தில் அதை எடுத்துத் தூசி தட்டியதோடு சரி. ஆகவே உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு அவ்வளவாக இல்லை.

ஆனால் கை ஒரே நாளில் நீளுவதில்லை. ஆசிரியர் பிள்ளையின் இடது கையை நீட்டச் சொல்லி, வயலினின் சுருள் தலை உள்ளங்கையில் எங்கே வந்து உட்காருகிறது, விரல்கள் அதைச் சுற்றி மடிகின்றனவா என்று பார்ப்பார். இதை அளவு மாற்றும் நாளில் மட்டும் பார்க்க வேண்டும் என்று சட்டமில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த அளவு எப்போது என்று ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும். அந்த ஆறு மாதமும் பழைய வயலினுக்கு நீங்களே ஆள் தேடலாம். சின்ன அளவு வயலின் தேய்ந்து போவதில்லை, பிள்ளைதான் வளர்ந்துவிடுகிறது. அதனால் அதே வகுப்பில் ஒரு படி பின்னால் இருக்கும் குழந்தையின் அம்மா அதற்குக் கடைக்காரரைவிட நல்ல விலை தருவார். நீங்களும் ஒரு படி முன்னால் இருக்கும் வீட்டில் வாங்கலாம். கம்பி மாற்றி, வில்லுக்கு முடி மாற்றினால் போதும். உடலில் விரிசல் இருக்கிறதா என்று ஆசிரியரை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அளவு மாற்றிக்கொள்ளும் வசதியோடு வாடகைக்குத் தருபவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அதிலும் சேத ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, பியானோ.

மகனின் ஆசிரியர் சொல்வது நியாயம்தான். 61 கட்டை கீபோர்டில் இரண்டு கையும் விரிந்து வாசிக்க இடம் போதாது, அழுத்தினால் எடையும் தெரியாது. ஆனால் அவர் கேட்டது 88 கட்டை. நிஜப் பியானோ கேட்டது உங்கள் கணவரின் அண்ணன். இரண்டும் வேறு. பியானோவின் விலை உங்கள் கணக்கில் 400. போனஸ் 40ஐக் கொடுத்துவிட்டு 360 கடன் வாங்கினால், ஐந்து வருடத்துக்கு 14 சதவீதத்தில் மாதம் 8.4. வருமானம் 100, செலவு 108. வேறு கணக்கே வேண்டாம். வேண்டுமென்றால் இதையும் கேளுங்கள்: நிமிர்ந்து நிற்கும் சாதாரணப் பியானோவே 200 கிலோவை ஒட்டி வரும், உள்ளே 200க்கு மேல் கம்பிகள். வருடத்துக்கு ஒருமுறையாவது ஆள் வந்து சுருதி சேர்க்க வேண்டும், வீடு மாறினால் தூக்க ஆள், மாறிய பின் மறுபடி சுருதி. மகனுக்கு ஏழு வயது. பன்னிரண்டு வயதில் அவன் தபேலா வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?

ஜாமீன் என்பது உதவி மாதிரித் தெரியும். அண்ணன் தருவது கையெழுத்து, பணம் தரப்போவது நீங்கள். நீங்கள் இரண்டு தவணை தவறினால் கடன்காரர் அண்ணன் வாசலில் நிற்பார், அதற்குப் பிறகு பொங்கிப் பொருமுவது பியானோவைப் பற்றியதாக இருக்காது. இதை நீங்கள் அவரிடம் சொல்லக்கூடாது, சொன்னால் "தம்பி பெண்டாட்டி கஞ்சத்தனம்" என்று முடிந்துவிடும். கணவர் சொல்லட்டும். "அண்ணா, ரெண்டு வருஷம் அவன் வாசிக்கட்டும், அப்புறம் உங்களையே கூட்டிக்கிட்டுப் போய் வாங்கறேன்" என்றால் போதும். அதற்கும் அவர் விடவில்லை என்றால், ஜாமீனுக்குப் பதில் ரொக்கமாக எவ்வளவு தர முடியும் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வேறு பக்கம் போகும்.

போனஸை இப்படிச் செலவிடுங்கள். கீபோர்ட் தவணை மாதம் 3, இன்னும் 7 பாக்கி, மொத்தம் 21. இன்றைய தேதியில் கடனை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வராத மாத வட்டியைக் கழித்தால் 19 அல்லது 20 வரும். முழு 21ஐயும் கேட்டால், ஒப்பந்தத்தில் முன்கூட்டி முடிப்பது பற்றிய வரியைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கடனை முடித்துவிட்டு மீதி 20ஐத் தொடாதீர்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில், ஒரு பல் வலி வந்தால்கூட மறுபடி அட்டையைத் தேய்க்கும் நிலையில் இருக்கிறீர்கள். அந்த 20 அதற்கு.

விடுபட்ட மாதம் 3ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். பத்து மாதத்தில் 30. கீபோர்டை விற்றால் 15 வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக 45. எடையுள்ள 88 கட்டையோடு, ஒருவர் பயன்படுத்திய டிஜிட்டல் பியானோ 50க்குக் கிடைக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேரம் பேசினால் 45க்கு வரும், வராவிட்டால் இரண்டு மாதம் பொறுங்கள். ஆசிரியர் கொடுத்த ஒரு வருடத்துக்குள் முடிகிறது. அதற்கடுத்த எட்டு மாதத்தில் 24 சேரும். முக்கால் அளவு வயலினை நீங்களே விற்றால் 45 எதிர்பார்க்கலாம். 69 கையில் இருந்தால், பழைய முழு அளவு வயலின் ஒன்றைக் கடனில்லாமல் வாங்கலாம். கணக்கு இழுபறிதான், ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் இப்போதைய வயலின் கடனில் 10 தவணை மிச்சமிருக்கும். கட்டித் தீருங்கள், ஆனால் அது அடுத்த வயலினோடு ஒட்டிக்கொள்ளாமல் தனியாக முடியும். முழு அளவுக்கு மேல் அளவு இல்லை என்பது ஒரு நிம்மதி.

அந்தக் காப்பீட்டுச் சேமிப்புத் திட்டம் பற்றி நீளமாக எழுதப் பொறுமை இல்லை. 22 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு, எந்தத் திட்டத்தில் 5 கிடைத்தால் என்ன, 8 கிடைத்தால் என்ன? "கலை" என்ற சொல்லை அட்டையில் அச்சடித்தால் உள்ளே இருக்கும் கட்டணங்கள் குறைந்துவிடாது. அதை விற்க வந்தவரிடம், முதல் வருடம் கட்டும் பணத்தில் எத்தனை பங்கு அவருக்குத் தரகாகப் போகிறது என்று கேளுங்கள். ஆயுள் காப்பீடு வேண்டுமென்றால் சேமிப்பு கலக்காத வெறும் காப்பீடாக, சம்பாதிக்கும் உங்கள் இருவர் பெயரில் எடுங்கள். பிள்ளைகள் பெயரில் வேண்டாம்.

போனஸ் வந்த வாரத்திலேயே கீபோர்ட் கடனை முடித்து, பாக்கியில்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். சனிக்கிழமைக்கு முன்பு. வயலின் வகுப்புக்கு நேர் எதிரேதான் அந்தக் கடை என்று எழுதியிருக்கிறீர்களே.